வனாமி இறாலும் குட்டைத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகை, வேதாரண்யம், மரக்காணம் பக்கங்களில் வனாமி என்னும் வெளிநாட்டு இறாலை வளர்ப்போர் கூடிப் பேசும்போது ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டு, பதில்களை மட்டும் எழுத்துநடையில் தந்திருக்கிறேன். நோய்க்கு மருந்து தேடுபவருக்கு இதில் அதிகம் கிடைக்காது. நோய்க்கு முந்தைய நாள்களில் தண்ணீரில் என்ன நடந்தது, அதற்கு இறாலின் உடல் என்ன செய்தது என்பதே இத்தொகுப்பின் பொருள்.

1. இறாலுக்கு ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்னு எல்லாரும் சொல்றாங்க. அதுவும் ஒரு நோயா?

நோய் அன்று. தண்ணீரில் ஏற்பட்ட மாற்றத்தைத் தாங்குவதற்காக இறாலின் உடல் செய்யும் கூடுதல் வேலையையே அழுத்தம் என்கிறோம். ஆக்சிஜன் குறைந்தாலும், வெப்பம் ஏறினாலும், உப்பு சட்டென்று மாறினாலும், இறாலின் கண்தண்டில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு ஹார்மோன் வெளிப்பட்டு, ரத்தநீரில் சர்க்கரையின் அளவை உயர்த்துகிறது. அந்தச் சர்க்கரை, உடனடித் தேவைக்காகச் சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்ட ஆற்றல். வருமானம் அதே அளவில் இருக்க மருத்துவச் செலவு வந்துவிட்டால் வீட்டுக் கட்டுமானம் நின்றுபோவதைப் போல, தின்ற தீவனம் சமாளிப்புக்கே செலவாகி வளர்ச்சி தடைப்படுகிறது.

இதில் இரண்டாவது இழப்பும் உண்டு. இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்புரதங்கள் கிடையாது. ரத்தநீரில் மிதக்கும் ரத்த அணுக்களும், அவை வெளியிடும் நொதிகளுமே அதன் காவல். அழுத்தம் நீடித்தால் அந்த அணுக்களின் எண்ணிக்கை குறைகிறது. அழுத்தம் தானாக நோயைத் தருவதில்லை. நோய்க்கிருமி ஏற்கெனவே குட்டையில் இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

2. எந்தெந்த அளவு எவ்வளவு இருந்தா சரி? ஒரே இடத்துல சொல்லிடுங்க.

வெப்பம் 27 முதல் 32 டிகிரி செல்சியஸ்; பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.5 முதல் 8.5; கரைந்த ஆக்சிஜன் எந்நேரமும் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல்; காரத்தன்மை (பி.எச். ஆடாமல் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட்டுகளின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல். உப்புத்தன்மைக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, அதன் காரணம் நான்காம் கேள்வியில் வருகிறது.

இந்த எண்களைச் சுவரில் எழுதிவைப்பதில் தவறில்லை. ஆனால் காலையில் 7.9, மாலையில் 8.2 என்று இருக்கும் குட்டையையும், காலையில் 7.5, மாலையில் 8.9 என்று ஆடும் குட்டையையும் ஒரே நேரத்தில் ஒரு முறை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஒரே நாளில் பி.எச். 0.5-க்கு மேல் ஏறி இறங்குவது இறாலுக்குப் பெரும் சுமை. அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்பதோடு, எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதையும் பார்த்தால்தான் இறால் படும் பாடு தெரியும்.

3. ராத்திரி வரைக்கும் நல்லா இருந்த இறால், விடியக்காலைல மேல வந்து கரையோரமா நீந்துது. ஏன்?

ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைத் தருகிறது; இரவில் அதே பாசியும், நுண்ணுயிரிகளும், அடிச்சேறும், இறாலும் சேர்ந்து அதை உறிஞ்சுகின்றன. ஆகவே அளவு மிகக் கீழே இறங்குவது சூரியன் எழுவதற்குச் சற்று முன்னர்தான். தண்ணீர் பச்சை அடர்ந்து, செக்கித் தட்டு (தண்ணீரின் தெளிவை அளக்கக் கீழே இறக்கும் வட்டத்தட்டு) 20 சென்டிமீட்டரிலேயே மறைந்துவிடும் குட்டையில் பகலில் அளவு மிக உயர்ந்தும் விடியலில் மிகத் தாழ்ந்தும் இருக்கும்.

லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தீவனத்தைக் குறைக்கிறது. 1 மில்லிகிராமை நெருங்கினால் சாவு தொடங்கிவிடும். வெப்பமும் உப்பும் ஏற ஏறத் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறையும்: 30 டிகிரியில் நன்னீர் சுமார் 7.5 மில்லிகிராம் கொள்ளும், கடல்நீரோ 6.2 அளவுதான் கொள்ளும். இறாலின் ரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பைக் கொண்ட நிறமியே ஆக்சிஜனைச் சுமக்கிறது. உடல் நலமாக இருக்கும்போது அது இளநீலமாகத் தெரியும்.

ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ இறாலுக்குப் போதும் என்பது வழக்கமான கணக்கு. வனாமிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்று கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வைத்த உச்சவரம்பை மீறுகிறவர்கள், அறுவடை எடையை மட்டும் பெருக்கிப் பார்த்து இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

4. வனாமி 5 பிபிடி-லயும் வளருது, 40-லயும் வளருது. அப்புறம் உப்பைப் பத்தி எதுக்குக் கவலைப்படணும்?

வளர்வது உண்மை (பிபிடி என்பது ஆயிரம் பங்கு தண்ணீரில் உள்ள உப்பின் பங்கு). பசிபிக் கடலின் கிழக்குக் கரையில், மெக்சிகோ முதல் பெரு வரை இயற்கையாக வாழும் இந்த இறால், இளமையைக் கழிமுகங்களில் கழித்துவிட்டுப் பெரிதானதும் கடலுக்குச் செல்கிறது. அதனால் உப்பு மாறும் தண்ணீரில் வாழும் திறன் அதற்குப் பிறவியிலேயே உண்டு. 2009-இல் இந்தியாவில் வணிக வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் புலி இறாலின் இடத்தை இது பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தத் திறனுக்கு விலை இருக்கிறது. ஏறத்தாழ 25 பிபிடி தண்ணீரில் இறாலின் ரத்தநீரும் வெளித்தண்ணீரும் உப்பழுத்தத்தில் சமமாக இருக்கும். அதற்குக் கீழே, வெளித்தண்ணீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்க, உப்பயனிகள் வெளியே கசிகின்றன. செவுளில் உள்ள நொதிகள் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தையும் குளோரைடையும் உள்ளே இழுத்தாக வேண்டும். அதற்கு மேலே இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டிய குட்டைகளில் கோடையில் உப்பு 40-ஐத் தாண்டும்போது இறால் சாகாமலேயே வளர்ச்சி மந்தப்படுவதன் காரணம் இதுதான்.

இடையே ஒன்று: உப்பு மிகுந்த தண்ணீரில் இறால் தன் தசைக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைத்து உள்ளழுத்தத்தைச் சரிசெய்கிறது. அவற்றுக்கு இனிப்புச் சுவை உண்டு. கடல்நீரில் வளர்ந்த இறாலின் குழம்புக்குத் தனி ருசி என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்வதில்லை.

5. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் குட்டையே மாறிப்போயிடுது. மழைத்தண்ணி உப்பைக் குறைக்கிறதுதான் பிரச்சினையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.2 மீட்டர் ஆழமும் 15 பிபிடி உப்பும் உள்ள குட்டையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து முழுவதும் கலந்துவிட்டால், உப்பு 14-க்குச் சற்றுக் கீழே வரும். வனாமிக்கு இது ஒன்றுமே இல்லை. மழைத்தண்ணீர் கலக்காமல் இருப்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

நன்னீர் எடை குறைந்தது, ஆகவே உப்புத்தண்ணீரின் மேல் தனி அடுக்காக நிற்கும். மேலடுக்கு குளிர்ந்தும் அமிலம் சார்ந்தும் இருப்பதால், இறால் வெதுவெதுப்பான, உப்பான அடித்தண்ணீருக்கு இறங்குகிறது. அங்கேதான் தீவன மிச்சமும் கழிவும் மக்கிக்கொண்டிருக்கின்றன. மேலடுக்கு மூடியிருப்பதால் காற்றின் ஆக்சிஜன் கீழே போவதில்லை. மேகமூட்டத்தால் பாசியும் ஆக்சிஜனைத் தருவதில்லை. இரண்டு மூன்று நாள் வெயில் வராவிட்டால் பாசியே மொத்தமாகச் செத்து விழுந்து, அது மக்குவதற்கும் ஆக்சிஜன் செலவாகும். கரைச்சரிவில் வழிந்து வரும் தண்ணீர் கரைமண்ணின் அமிலத்தையும் சேற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். அலையாத்திக் காடு நின்ற மண்ணில் கட்டிய கரையாக இருந்தால் அந்த அமிலம் கடுமையாகவே இருக்கும்.

எனவே செய்ய வேண்டியவற்றின் வரிசை இப்படி அமைகிறது. மழை தொடங்கியதுமே ஏரேட்டர்களை ஓடவிட்டு அடுக்கு உருவாகாமல் கலக்க வேண்டும். மதகில் மேல்பலகையை எடுத்து மேல்தண்ணீரை வடியவிட வேண்டும். கரையோரம் சுண்ணாம்புத்தூள் இட வேண்டும். தீவனத்தைப் பாதியாக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும். மின்சாரம் போய் ஆறு மணிநேரம் கழித்து ஜெனரேட்டர் கிடைக்கும்போது, அடியில் அழுகியது தண்ணீர் முழுவதும் பரவிவிடும் வேகத்தில் எல்லா ஏரேட்டர்களையும் ஒரேயடியாக ஓட்டுவது ஆபத்து. கரையோரத்து ஏரேட்டர்களில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது நல்லது.

6. அமாவாசை, பௌர்ணமிக்கு இறால் சட்டை உரிக்கும்ங்கிறது உண்மையா?

முழுப் பொய்யும் இல்லை, முழு விதியும் இல்லை. ஓத ஏற்ற இறக்கத்தோடு வாழும் கடல்வாழ் உயிர்கள் பலவற்றின் உடலில் நிலவை ஒட்டிய தாளம் உண்டு. ஆனால் குட்டையில் சட்டை உரிப்பின் இடைவெளியை முதலில் தீர்மானிப்பது இறாலின் அளவு: சில கிராம் எடையுள்ளது வாரத்துக்கு ஒரு முறையாவது உரிக்கும், 15 கிராமைத் தாண்டியது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உரிக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கருவா, வெள்ளுவா (அமாவாசை, பௌர்ணமி) நாள்களில்தான் ஓதம் பெருகும், வாய்க்காலில் இருந்து தண்ணீர் ஏற்றுவோர் அந்நாள்களில்தான் அதிகமாக ஏற்றுகிறார்கள். புதுத்தண்ணீர் தரும் திடீர் மாற்றமே உரிப்பைத் தூண்டக்கூடியது. நிலவின் கணக்கில் நாம் எழுதுவதில் ஒரு பகுதி மோட்டாரின் கணக்கு.

எந்தக் காரணத்தால் உரித்தாலும், உரிக்கும் நேரத்தில் இறாலின் ஆக்சிஜன் தேவை கூடும். புதிய ஓட்டை இறுக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே வர வேண்டும். மழைக்குப் பின் ஒரே இரவில் பாதிக் குட்டை உரித்துவிட்டால், ஆக்சிஜன் குறைந்த இரவும், தாது குறைந்த தண்ணீரும், ஒன்றை ஒன்று தின்னும் பழக்கமும் ஒன்றாகச் சேர்கின்றன. ‘காரணமில்லாமல் எண்ணிக்கை குறைந்தது’ என்று சொல்லப்படும் பல குட்டைகளின் கதை இதுதான்.

7. காலைல அம்மோனியா டெஸ்ட் பண்ணினேன், சரியாத்தான் இருந்தது. சாயங்காலம் இறால் சோர்ந்து கிடக்குது. கிட் தப்பா?

கிட் சரியாக இருக்கலாம், நேரம்தான் தவறு. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சான வடிவத்தின் பங்கைப் பி.எச். தீர்மானிக்கிறது, பி.எச். ஒரு அலகு ஏறினால், அந்தப் பங்கு மிகச் சிறிதாக உள்ள நிலையில், அது ஏறத்தாழப் பத்து மடங்காகும். 30 டிகிரி வெப்பத்தில் மொத்த அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கொள்வோம். காலையில் பி.எச். 7.8 என்றால் நஞ்சான பங்கு சுமார் 0.1 மில்லிகிராம், பாசி கரியமிலவாயுவை உறிஞ்சி மாலையில் பி.எச். 8.8 ஆகிவிட்டால் அது 0.6-ஐ நெருங்கும். கிட்டில் இரண்டு நேரமும் ஒரே நிறம்தான்.

இறால் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. வெளியே அளவு கூடினால் அந்த வழி அடைபட்டு, ரத்தநீரிலேயே நஞ்சு தேங்கும். ஆகவே அம்மோனியாவைப் பிற்பகலில், பி.எச்.-ஐயும் வெப்பத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். அந்த நேரத்தில் பி.எச்.-ஐ மேலும் ஏற்றும் சுட்ட சுண்ணாம்பை இடவே கூடாது.

8. நைட்ரைட் பக்கத்துக் குட்டையில 5 இருக்கு, அங்க இறால் நல்லா இருக்கு. எனக்கு 2-லேயே சாவுது. எப்படி?

இரு குட்டைகளின் உப்பையும் ஒப்பிடுங்கள். நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வழியும் குளோரைடு நுழையும் வழியும் ஒன்றே. உப்பு மிகுந்த தண்ணீரில் குளோரைடு அந்த வழியை நிறைத்துவிடுவதால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. 3 பிபிடி தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. உள்ளே போன நைட்ரைட், மூன்றாம் கேள்வியில் சொன்ன செம்பு நிறமி ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கிறது; அதனால் மீட்டரில் ஆக்சிஜன் போதுமான அளவு காட்டினாலும் இறால் மூச்சுத் திணறும்.

9. அடிமண் கறுப்பா, அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. இதுவும் அம்மோனியாவா?

இல்லை, இது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் சல்பேட்டிலிருந்து உருவாகும் இது, செல்களுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே முடக்குகிறது. அம்மோனியா பி.எச். ஏறும்போது கொல்லும், இதுவோ பி.எச். இறங்கும்போது நஞ்சாகும். மழை நாளில் பி.எச். இறங்குவதையும், இறால் அடியில் ஒதுங்குவதையும் ஐந்தாம் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் அபாயம் விளங்கும். கையில் மணம் தெரியும் அளவே இறாலுக்கு அதிகம்.

10. கத்திரி வெயில்ல இறால் நல்லா தின்னுது. அப்ப நிறைய போடலாமா?

வெப்பம் கூடும்போது உடல் வேகமாக இயங்குவதால் தீனி கூடுவது உண்மை. ஆனால் 32 டிகிரியைத் தாண்டியதும் தின்ற அளவுக்கு வளர்ச்சி வராது. குடலில் சரியாகச் செரிக்காமல் கழிவாகும். அந்தக் கழிவு அம்மோனியாவாகவும் அடிச்சேறாகவும் மாறும்போது, தண்ணீரின் ஆக்சிஜன் கொள்ளளவும் குறைந்திருக்கும். உச்சி வெயில் நேரத்துத் தீவனத்தைக் குறைத்துக் காலையிலும் மாலையிலும் பிரித்துத் தருவதும், தண்ணீர் ஆழத்தைக் கூட்டுவதும் உதவும்.

11. வீச்சு வலையில எடுத்தா வால் வளைஞ்சு, சதை வெள்ளையா விறைச்சுப் போகுது. நோயா?

பெரும்பாலும் நோய் இல்லை. வெப்பமான நண்பகலில், ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் வலையில் துள்ளிய இறாலின் தசை இவ்வாறு வெளுத்து விறைப்பதும், நல்ல தண்ணீரில் விட்டால் சில தெளிந்துவிடுவதும் இயல்பு. கைபடாமலேயே பல இறால்கள் அப்படிக் கிடந்தால், பொட்டாசியமும் மெக்னீசியமும் போதாமை என்று சந்தேகிக்க வேண்டும்.

கடல்நீரில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 28-க்கு 1. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் உப்பின் மொத்த அளவு சரியாக இருந்தும் பொட்டாசியம் மிகக் குறைவாக இருக்கலாம். ஹரியானா, பஞ்சாபின் உள்நாட்டு உப்புநீர்க் குட்டைகளில் இதுவே முதல் சிக்கல். நான்காம் கேள்வியில் சொன்ன செவுள் நொதி வேலை செய்யப் பொட்டாசியம் தேவை. உப்புமானி காட்டும் ஒற்றை எண்ணை நம்பாமல், அயனிகளைத் தனித்தனியாக ஆய்வகத்தில் பார்த்த பிறகே பொட்டாஷ் இடுவது பற்றி முடிவெடுக்க வேண்டும்.

12. குஞ்சு விடுறப்ப பையைத் தண்ணில மிதக்கவிட்டாப் போதாதா?

பை மிதப்பது வெப்பத்தைச் சமன் செய்யும், உப்பையும் பி.எச்.-ஐயும் சமன் செய்யாது. குட்டைத் தண்ணீரைப் பைக்குள் சிறிது சிறிதாகச் சேர்த்து, உப்பு வேறுபாடு பெரிதானால் மணிக்கணக்கில் பழக்க வேண்டும். இன்னும் நல்லது, குட்டையின் உப்பைப் பொறிப்பகத்துக்கு முன்கூட்டியே சொல்லி அங்கேயே இறக்கித் தரச் சொல்வது. குஞ்சின் செவுள் முழுமையாக வளர்வது, லார்வா நிலை முடிந்து குஞ்சான பத்தாம் நாளை ஒட்டித்தான். அதற்கு முன் எடுத்த குஞ்சு, உப்பு மாற்றத்தைத் தாங்க வேண்டிய உறுப்பே முழுமையில்லாமல் வருகிறது. இரண்டு மாதம் கழித்துத் தெரியும் ‘குறைந்த பிழைப்பு’ பல நேரம் முதல் நாளிலேயே நடந்து முடிந்திருக்கும்.

13. மழையைச் சமாளிச்சாச்சு, தண்ணியும் சரியாயிடுச்சு. பத்து நாள் கழிச்சு வெள்ளைப்புள்ளி வந்துச்சு. மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நெருங்கிய சம்பந்தம். 1994 முதல் இந்தியக் குட்டைகளில் இருந்துவரும் வெள்ளைப்புள்ளி வைரஸ், அறிகுறி எதையும் காட்டாமல் இறாலிலும் நண்டிலும் குறைந்த அளவில் தங்கியிருக்கக்கூடியது. முதல் கேள்வியில் சொன்ன ரத்த அணுக்கள் குறையும் நாள்களில் அது பெருகத் தொடங்குகிறது. சாவு கண்ணில் படும்போது தண்ணீர் சீராகி நாள்கள் ஆகிவிட்டிருக்கும். ஆகவே சாவு தொடங்கிய நாளின் அளவுகளை மட்டும் ஆராய்ந்து ‘தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது பயனற்றது. முந்தைய இரண்டு வாரத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பதிவேடு இல்லாதவர் தீவனச் செலவுக் கணக்கையாவது எடுத்துப் பார்க்கலாம், தீனி திடீரென்று குறைந்த நாள் அதில் தெரியும்.

14. வெயில் ஏறினா வெள்ளைப்புள்ளி அடங்கும்னு சொல்றாங்களே, அப்ப கோடைதான் பாதுகாப்பா?

32, 33 டிகிரி வெப்பத்தில் அந்த வைரஸ் பெருகுவது தடைப்படுவதும் சாவு குறைவதும் ஆய்வுகளில் உறுதியானவை. ஆனால் அதே வெப்பம் விப்ரியோ பாக்டீரியாவுக்கு உகந்தது. பத்தாம் கேள்வியில் சொன்ன செரிமானக் குறைவும் சேரும்போது வெள்ளைக் கழிச்சல் தலைகாட்டும். ஒரு கிருமி அடங்கும் பருவத்தில் இன்னொன்று எழுகிறது. கோடைப் பயிரையும் மழைப் பயிரையும் ஒரே அடர்த்தியில், ஒரே தீவன அட்டவணையில் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

15. ஆளி, மட்டி வளர்க்கிறவங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அடிப்படை பொருந்தும், உத்தி வேறு. சிப்பியினங்கள் இறாலைப் போல உள்ளுப்பைக் கட்டிக்காப்பதில்லை. வெளித்தண்ணீரின் உப்புக்கே தம் உடலையும் விட்டுவிடுகின்றன. தாங்க முடியாதபோது ஓட்டை இறுக மூடிக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாமலே சில நாள்கள் உயிர்வாழும். அப்போது உடலில் சேரும் அமிலத்தைத் தம் ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்துச் சமன் செய்கின்றன. ஆனால் மூடியிருக்கும் வரை தீனியும் வளர்ச்சியும் இல்லை, நீண்டநாள் நன்னீர் நின்றால் சாவுதான். கேரளக் காயல்களில் கயிற்றில் வளர்க்கும் பச்சை மட்டியைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே அறுவடை செய்துவிடுவது இதனால்தான். கட்டிய கயிற்றிலிருந்து ஓடிப்போக வழியில்லாத உயிருக்கு, நாள்காட்டியே பாதுகாப்பு.

16. சின்ன வயசுலேயே கொஞ்சம் கொஞ்சமா கஷ்டம் கொடுத்துப் பழக்கினா, பெரிசானா தாங்குமா?

ஓரளவு தாங்கும். சாகாத அளவுக்குச் சிறிது நேரம் வெப்பம் ஏற்றப்பட்ட இறாலின் செல்களில், சிதையும் புரதங்களைச் சரிசெய்யும் காப்புப் புரதங்கள் கூடுகின்றன. அதன்பின் வரும் அதிர்ச்சியை அவை கூடுதலாகத் தாங்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பொறிப்பகத்தில் குஞ்சின் தரத்தைப் பார்க்க உப்பைத் திடீரெனக் குறைத்து, பிறகு பழைய தண்ணீரில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணும் சோதனை வேறு. அது குஞ்சைப் பழக்குவதற்காக அன்று, வலுவில்லாத தொகுதியை வாங்காமல் விடுவதற்காக.

குட்டையில் தானாக ஏற்படும் அழுத்தத்தைப் பயிற்சியாகக் கருதுவதுதான் தவறு. ஆய்வகத்தில் அளவும் நேரமும் கட்டுக்குள் இருக்கின்றன, அதிர்ச்சிக்குப் பின் இறாலுக்கு நல்ல தண்ணீரும் ஓய்வும் கிடைக்கின்றன. குட்டையிலோ ஒரு விடியலின் ஆக்சிஜன் பற்றாக்குறையிலிருந்து மீள்வதற்குள் அன்று மாலை அம்மோனியா ஏறும், மறுநாள் மழை வரும். தீவனத் தட்டில் மிச்சம் விழத் தொடங்கிய குட்டையில், மீசை சிவந்து ஒடிந்த இறால்கள் தென்பட்டால், அவை இன்னும் பழகிக்கொள்ளவில்லை. அன்று தீவனத்தைக் குறைத்து, விடியலின் ஆக்சிஜனையும் பிற்பகலின் பி.எச்.-ஐயும் அளப்பதில் தொடங்கலாம்.